கொசுவம் திரும்பிய முகூர்த்தச் சேலை

இது கதை இல்லை, நடந்தது. நம்பாதவர்கள் மட்டாஞ்சேரிக்குப் போய், கொச்சங்காடியில் சுக்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு மேல்மாடியில் சேலை மடித்துக் கொடுக்கும் சுபாஷிணி வீடு எது என்று கேளுங்கள். யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். ஒரு முகூர்த்தச் சேலையை அவளிடம் கொடுத்து, ஒரு ராத்திரி உன் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள். வாங்க மாட்டாள். காலையில் வாங்கி, மடித்து, பொழுது சாய்வதற்குள் கையில் கொடுத்துவிடுவாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி இல்லை.

அவள் செய்வது ப்ரீ ப்ளீட்டிங். கல்யாணத்தன்று விடியற்காலையில் மேக்கப், பின்னல், பூ, நகை என்று ஆளாளுக்குப் பெண்ணைப் பிடுங்கி எடுப்பார்கள். அந்த நேரத்தில் பட்டுச் சேலையோடு மல்லுக்கட்ட யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால் பெண்ணின் உயரத்தையும் இடுப்பையும் முன்கூட்டியே அளந்து, கொசுவமும் முந்தானையும் மடித்து, நீராவி இஸ்திரி போட்டு, க்ளிப்பும் ஊக்கும் மாட்டிப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடுவாள். அன்றைக்குச் சுற்றிச் செருகினால் போதும். கொசுவம் தொடங்குகிற இடத்தில், கீழ்க்கரையில் சின்னதாக ஒரு நீல நூல் முடிச்சுப் போடுவாள். கட்டிவிடுகிறவர்கள் தடவித் தேட வேண்டாம் அல்லவா? அது அவள் மட்டும் செய்வது.

இத்தனை வருடத்தில் ஒன்று கைவந்திருந்தது. மடித்த சேலையைப் பார்த்தே அது எப்படிப்பட்ட உடம்புக்கு என்று சொல்லிவிடுவாள். குட்டையா, நெட்டையா, ஒல்லியா, வளைகாப்புக்காரியா, எல்லாம்.

அந்த ஆவணியில் அவள் மடிக்க வேண்டியிருந்தது வீட்டுப் பெண்ணின் சேலை. புருஷன் மாரிச்செல்வத்தின் தங்கை ரோஜா. வயது முப்பத்திரண்டு. பார்த்துவிட்டுப் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. இந்தத் தடவை தேவராவிலிருந்து வந்த ரமேஷ்பாபு, சொந்தமாக இரண்டு லாரி வைத்திருப்பவன், பார்த்த அன்றே சரி என்றான். இதுவும் நின்றால் இனி எவன் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று ரோஜா சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிற பெண் அவள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா ஆவுடையம்மாள் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தார். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. நல்ல கனம். முகூர்த்தத்துக்கு இதைத்தான் கட்ட வேண்டும், வேறு எதுவும் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, சாயாகூடக் குடிக்காமல் போனார்.

சுபாஷிணி பிரித்துப் பார்த்தாள். கீழ்க்கரையில் ஏற்கெனவே ஃபால்ஸ் தைத்திருந்தது. புதுச் சேலைக்கு யார் தைத்தது? தையலும் ஒரு மாதிரி எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடது கைக்காரி தைத்தால் அப்படித்தான் விழும். யாரோ தையல்காரி என்று நினைத்துக்கொண்டாள். ரோஜாவின் அளவுக்கு ஏழு மடிப்புக் கொசுவம் வைத்து, நீல முடிச்சுப் போட்டு, பெட்டியை மூடினாள்.

மறுநாள் காலையில் ரோஜாவுக்குக் காட்டலாம் என்று திறந்தாள். கொசுவம் வலப்பக்கம் திரும்பியிருந்தது. எல்லாருக்கும் இடப்பக்கம் பார்த்து விழுகிற மடிப்பு, இதில் மட்டும் மாறி விழுந்திருந்தது. உயரமும் நாலு விரல் குறைவு. நீல முடிச்சைக் காணோம். முந்தின நாள் மூன்று சேலை மடித்ததில் புத்தி கெட்டுப்போய்விட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு, முதலிலிருந்து மடித்தாள். புது நூல் எடுத்து முடிச்சுப் போட்டாள். இந்தத் தடவை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அன்று சாயங்காலமே மறுபடி பார்க்க வேண்டும்போல இருந்தது. திறந்தாள்.

கொசுவம் வலப்பக்கம். அதே குட்டை உயரம். நூல் இல்லை. இடுப்பைச் சுற்றுகிற பகுதி மட்டும் காலையில் இருந்ததைவிட ஒரு சாண் கூடியிருந்தது. அதற்காகக் கொசுவத்தில் ஒரு மடிப்பைக் குறைத்திருந்தார்கள்.

யார் குறைத்தது?

சாவி அவள் தாலிச் செயினில் கோத்திருந்தது. நீங்கள் தொட்டீர்களா என்று மாரிச்செல்வத்திடம் கேட்டாள். எனக்கு என் வேட்டியையே ஒழுங்காக மடிக்கத் தெரியாது என்று சிரித்துவிட்டு அவன் சாப்பிட உட்கார்ந்தான். அவளால் சிரிக்க முடியவில்லை. சுபாஷிணிக்குப் பயம் அப்போதுதான் தொடங்கியது. பயந்துகொண்டே மூன்றாம் முறையாக மடித்து, முடிச்சுப் போட்டு, பூட்டினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் நல்ல மழை. வில்லிங்டன் தீவில் வேலைக்குப் போன மாரிச்செல்வம் திரும்பவில்லை. ரோஜா ஃபேஷியலுக்குப் போயிருந்தாள். மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று. அடுக்களையில் நின்றிருந்த சுபாஷிணிக்கு உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

டிக்...

க்ளிப் திறக்கிற சத்தம். அவளுக்குத் தெரியாத சத்தமா அது?

டிக்... டிக்...

பூட்டிய பீரோவுக்குள்ளிருந்து வந்தது. ஊக்கு ஒன்று தகரத்தில் விழுந்து உருண்டது. பிறகு பட்டு உரசுகிற சத்தம். யாரோ அவசரமில்லாமல், விரலால் மடிப்புப் பிடித்துப் பிடித்து...

கடைசியில் ஒரு மூச்சு. நிறைமாதக்காரி தரையில் கையூன்றி உட்காரும்போது விடுவாளே, அந்த மூச்சு.

சுபாஷிணி சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கரண்ட் வந்த பிறகுதான் உள்ளே போனாள். சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. திறந்தாள்.

கொசுவத்தில் நாலே மடிப்பு. மிச்சமெல்லாம் இடுப்புக்கே போயிருந்தது. எத்தனை வளைகாப்புக்குச் சேலை மடித்துக் கொடுத்திருக்கிறாள்? இந்த அளவு அவளுக்குத் தெரியும். எட்டு மாதம்.

அதே பெண். குட்டை. இடது கைக்காரி. வயிறு மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது.

சொல்லிவிடலாம் என்றுதான் வாசலுக்கு வந்தாள். ரோஜா படியேறி வந்தாள். முகம் பளபளவென்று இருந்தது. மதினி, நகத்துக்கு எந்தக் கலர் போடட்டும் என்று கேட்டு இரண்டு கையையும் நீட்டினாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து வருடக் கணக்காகியிருந்தது. சுபாஷிணி அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்தாள். என்ன சொல்வது? சேலை தானாக மடிந்துகொள்கிறது என்றா? நாத்தனார் வாழ்வது மதினிக்குப் பொறுக்கவில்லை என்று ஊரே சொல்லும். அரக்குக் கலர் போடு, கரைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று மட்டும் சொன்னாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் இருட்டுகிற நேரத்தில் நாலாம் முறையாக மடித்தாள். மறுபடி கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கத்தரிக்கோல் கண்ணில் படவில்லை. நூலைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். வால் நீளமாகத் தொங்கியது, தொங்கட்டும் என்று விட்டுவிட்டாள். பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டி, அதன் முன்னால் ஒரு நாற்காலியையும் இழுத்துப் போட்டாள். நாற்காலி யாரைத் தடுக்கப் போகிறது? ஆனாலும் போட்டாள்.

விடியற்காலை நாலு மணி. முன்னறையில் ரோஜாவுக்கு மேக்கப் நடந்தது. கொச்சங்காடிப் பெண் நிஸாதான் மேக்கப்காரி. வட்ட விளக்கு வெளிச்சத்தில் ரோஜா வேறு யாரோ மாதிரி அழகாக இருந்தாள்.

"சேச்சி, மேக்கப் கழிஞ்சு. சாரி எடுத்தோ," என்று மேக்கப் முடிந்த கையோடு சேலையைக் கேட்டாள் நிஸா.

சுபாஷிணி சாவியோடு உள்ளறைக்குப் போனாள். விளக்கைப் போடுவதற்கு முன்பே அது கேட்டது.

கிரீச்...

கிரீச்...

அந்த மாடியும் ஒரு காலத்தில் கிட்டங்கியாக இருந்தது. உள்ளறை உத்தரத்தில் பழைய தராசுக் கொக்கி ஒன்று இன்னும் இருந்தது. சத்தம் அங்கிருந்து வந்தது.

விளக்கைப் போட்டாள்.

பீரோ பூட்டியிருந்தது. நாற்காலி நகரவில்லை.

கொக்கியில் மாம்பழ மஞ்சள் சேலை தொங்கியது.

தொட்டிலாக...

பிள்ளைத் தொட்டிலாகக் கட்டித் தொங்கியது. ஜன்னல் சாத்தியிருந்தது. காற்று இல்லை. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

கிரீச்...

சுபாஷிணி எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. அடியில் கை வைத்தாள்.

ஈரம்.

சுடச்சுட இருந்தது.

பின்னால் யாரோ மூச்சை இழுப்பது கேட்டுத் திரும்பினாள். ரோஜா நின்றிருந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நிஸா நின்றிருந்தாள். மூன்று பேரும் பார்த்தார்கள். தொட்டில் மெல்ல மெல்ல நின்றது.

"மதினி... என்னது இது?"

இதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தப் பெண்ணைக் கிணற்றில் தள்ளின பாவம் தனக்குத்தான் என்று சுபாஷிணிக்குத் தோன்றியது. கல்யாணம் நின்றால் நிற்கட்டும். மாரிச்செல்வத்தை எழுப்பக்கூட இல்லை. ஃபோனை எடுத்து ஆவுடையம்மாளைக் கூப்பிட்டு, ரோஜாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் நாதஸ்வரக்காரர்கள் வந்துவிட்ட சத்தம் கேட்டது.

"அத்தை, இந்தச் சேலையை முன்னாடி யார் கட்டினது?"

"என்னம்மா கேக்க? புதுச் சேலை. என் கையால எடுத்தது."

"அந்தப் பொண்ணு குட்டையா இருப்பாளா? இடது கைப் பழக்கமா?"

நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

"வயித்துல எட்டு மாசமா, அத்தை?"

ஆவுடையம்மாளின் குரல் வந்தது. கிசுகிசுப்பாக இருந்தது.

"உனக்கு யாரு சொன்னா?"

ரோஜா வந்து ஃபோனை வாங்கி அணைத்தாள். நெற்றிச்சுட்டியைக் கழற்றி நிஸா கையில் கொடுத்தாள். "நான் வரல மதினி. அண்ணன எழுப்பு," என்றாள். பிறகுதான் அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டு சுபாஷிணியும் அழுதாள்.

மாரிச்செல்வம் அந்த மஞ்சள் சேலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, சிநேகிதன் சங்கர்ராமையும் கூட்டிக்கொண்டு தேவராவுக்குப் போனான். உண்மை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ரமேஷ்பாபுவுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதலில் செங்கோட்டையில் செல்வலட்சுமி என்ற பெண்ணைக் கட்டியிருந்தான். வயிற்றில் இருப்பது என் பிள்ளையே இல்லை என்று சொல்லி எட்டாம் மாதத்தில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். பிரசவத்தில் அவள் போய்விட்டாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. இவர்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. இங்கே யாரிடமும் மூச்சுவிடவும் இல்லை.

செத்தவள் சேலையையா என் தங்கைக்குக் கொடுத்தீர்கள் என்று மாரிச்செல்வம் கத்தினான். ஆவுடையம்மாள் விளக்கின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். மூத்த மருமகளுக்கு எடுத்த அதே நிறம், அதே கரை, அதே கடை என்பது உண்மை. ஆனால் சேலை போன வாரம் எடுத்த புதுச் சேலை. ஃபால்ஸ் தைக்கவும் தான் கொடுக்கவில்லை. அவர் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை. சேலையை அங்கேயே வீசிவிட்டு வந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து செங்கோட்டையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பெயர் திரிபுரசுந்தரி. செல்வலட்சுமியின் தங்கை. கல்யாணம் நின்ற விஷயம் எப்படியோ அவள் காதுக்குப் போயிருந்தது. ஒரு பெண் தப்பித்தாளே, அது போதும் என்றாள். பிறகு சுபாஷிணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். அக்காளின் முகூர்த்தச் சேலையை ரமேஷ்பாபு வீட்டார் எப்போது திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்?

"யாரும் வாங்கலையே அக்கா. அது இங்கதான இருக்கு. அக்கா போனதுல இருந்து பாப்பாவுக்கு அதுலதான் தொட்டில். வேற சேலைல போட்டா தூங்க மாட்டேங்கா. தொவைக்க மட்டுந்தான் அவுப்போம்."

"மாம்பழ மஞ்சளா?"

"ஆமா. அரக்குக் கர. ஃபால்ஸ்கூட அக்காவே தச்சது. நீங்களே பாருங்க."

அன்று சாயங்காலம் வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்தது. மஞ்சள் தொட்டிலில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. தொட்டில் மெல்ல ஆடியது. அது காற்றாக இருக்கலாம்.

சுபாஷிணி வீடியோவை நிறுத்தி, சேலையின் கரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஃபால்ஸ் தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அதையொட்டிக் கரையோரமாக, கொஞ்சம் கொஞ்சம் இடம் விட்டு, நீல நிறத்தில் ஏதோ தெரிந்தது.

நூல் முடிச்சு.

ஒன்று... இரண்டு... மூன்று... நாலு.

நாலாவதில் மட்டும் வால் நீளமாகத் தொங்கியது. நுனி பிசிறியிருந்தது. பல்லால் கடித்த நூல் அது.