ஒரு பிழை செய்தவர்கள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதைவிடச் சீக்கிரம் வருவது, எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற நினைப்பு. இரண்டும் சேர்ந்து ஒருமுறை என்னை நன்றாகக் கவிழ்த்துவிட்டன. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தம் வருவதில்லை, சிரிப்புதான் வருகிறது.

யுத்த காலம் அது. கல்யாணமாகி நான் செஞ்சிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. பக்கத்து வீட்டில் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், எதிர்வீட்டில் பள்ளிக்கூடத்து டீச்சர். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலுக்குப் போய் வந்த பிறகுதான் மற்ற எதையும் தொடுவார். சாதியிலும் சாமியிலும் சமையலிலும் ஒட்டாத இந்த மூன்று வீடுகளையும் ஒட்டவைத்தது ஒரு வாரப் பத்திரிகையில் வந்த பொது அறிவுக் குறுக்கெழுத்துப் போட்டி.

பத்திரிகை வெள்ளிக்கிழமை சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து, பெட்ரோல் பஞ்சத்தில் கரி எரித்து ஓட்டிய கரி பஸ்ஸில் வரும். மேட்டில் பஸ் திணறி நின்றுவிட்டால் சனிக்கிழமை வரும். காகிதத்துக்குப் பஞ்சம் என்பதால் ஏஜெண்டுக்கு நாலைந்து பிரதிகள்தான் கிடைக்கும். எங்கள் மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒன்று கொடுப்பதையே பெரிய உபகாரமாகச் சொல்வார். போட்டிக்கோ, நாமே கட்டம் போட்டு அனுப்பினால் செல்லாது. அச்சடித்த கூப்பனைத்தான் நிரப்பி, வெட்டி அனுப்ப வேண்டும். வெட்டினால் பின்பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து போய்விடும். ஒருமுறை கம்பவுண்டர் அவசரப்பட்டு முதலிலேயே வெட்டிவிட்டார். தொடர்கதைக் கதாநாயகி கிணற்றில் விழுந்தாளா இல்லையா என்று தெரியாமல் போய், டீச்சர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் சட்டம் போட்டோம். மூன்று வீடும் படித்து முடித்த பிறகே கத்தரிக்கோல். கூப்பன் வாரத்துக்கு ஒரு வீடாக முறை வைத்து வரும்; அந்த வாரம் அந்த வீட்டின் பெயரில் போகும். ஞாயிறு மத்தியானம் டீச்சர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, விடைகளைச் சிலேட்டில் எழுதிப் பார்ப்போம். ஒத்துப் போகாவிட்டால் மூன்று வீட்டில் இரண்டு வீடு சொல்வதே முடிவு. எங்கள் வீட்டுக்குப் பேசுகிறவள் நான். வீட்டுக்காரர் வெற்றிலை மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

கம்பவுண்டருக்கு ஒரு குணம். பரிசு வந்தாலும் வராவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை. ஒரு கட்டம்கூடத் தப்பில்லாமல் முழுசாகச் சரியாக வர வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவை வந்தால் போதும் என்பார். எங்களுக்கு எப்போதும் இரண்டு, மூன்று தப்பு வந்துகொண்டிருந்தது.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. எட்டாவது பாஸ் செய்த சர்டிபிகேட்டில் எழுதியதுதான் என் பெயரை யாராவது கடைசியாக எழுதியது. அதற்குப் பிறகு ரேஷன் கார்டில் நான் இரண்டு தலையில் ஒரு தலை, தெருவில் குமாஸ்தா சம்சாரம். இரண்டு வருஷத்தில் அந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை. முழுச்சரியாக எழுதியவர்கள் பெயரையும், அதற்குக் கீழே 'ஒரு பிழை செய்தவர்கள்' என்று பரிசில்லாதவர்கள் பெயரையும் பத்திரிகையில் போடுவார்கள். அதில் என் பெயரும் பக்கத்தில் செஞ்சி என்றும் வர வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை. ஆசை என்பதைவிட வெறி என்றே சொல்லலாம். எங்கள் முறை வந்த ஒரு வாரம் வீட்டுக்காரரிடம் கேட்டே விட்டேன். ஆட்சேபம் சொல்வார் என்று சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

"உன் தலையில இருக்கறது உன் பேர்லியே போவட்டும்," என்றார். சண்டைக்கு இடமே வைக்கவில்லை.

அந்த வாரம் இடமிருந்து வலம் ஒரு கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்து நம் காடுகளிலும் குடியேறிவிட்ட பழம். மூன்று எழுத்து. கம்பவுண்டர் சீத்தா என்றார். நான் கொய்யா என்றேன். முதல் எழுத்திலிருந்து கீழே இறங்கும் சொல்லுக்குக் குறிப்பு, 'கிடைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்'. அது சீடை என்றாலும் பொருந்தியது, கொடை என்றாலும் பொருந்தியது. இப்படிச் சிண்டு முடிந்துவிடுவதில் பத்திரிகைக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

ஐப்பசி மாதம். ராஜகிரிக் கோட்டை மலைச் சரிவெல்லாம் சீத்தாப்பழம் வெடித்துக் கிடக்கும் காலம். அதை யாரும் நட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதில்லை. மலையில் பொறுக்கிக் கூடையில் கொண்டுவருகிறவர்களிடம் வாங்கி, அன்றும் ஒரு தட்டு நிறைய நடுவில் வைத்திருந்தோம். வாயில் சீத்தா விதையை வைத்துக்கொண்டே நான் சண்டை போட்டேன். கோட்டை கட்டுவதற்கு முன்னாலிருந்தே மலையில் காய்க்கிற பழம், கப்பலேறி எப்படி வந்திருக்கும்? கைப்புண்ணுக்குக் கண்ணாடியா?

கம்பவுண்டர் ஏதோ ஒரு மருந்துப் புத்தகத்தில் படித்ததாகச் சொன்னார். "நம்ம மலையில காய்க்குதுன்னா நம்ம பழம்னு ஆயிடுமா, தங்கச்சி? எப்பவோ வந்து மொளைச்சிருக்கும்," என்றார்.

மருந்து கலக்குகிறவர் மருந்தைக் கலக்கட்டும், கேள்வியைக் கலக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். இன்னும் என்னவோவெல்லாம் சொன்னேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். டீச்சரும் அந்த மலையைத் தினம் பார்க்கிறவர்தானே, என் பக்கம் சேர்ந்துவிட்டார். மூன்றுக்கு இரண்டு. சிலேட்டில் கொய்யா ஏறியது. கூப்பனில் என் கையாலேயே எழுதி, கீழே என் பெயரை முழுதாக எழுதினேன்.

முடிவு வருவதற்கு இரண்டு வாரம் ஆகும். வந்த பத்திரிகை முதலில் டீச்சர் வீட்டுக்குப் போனதால் அவர்தான் தெருவைத் தாண்டி ஓடிவந்தார். சரியான விடை சீத்தா, சீடை. கீழே போன சொல் தனியாகக் கணக்கில் வராது போல. ஒரு கேள்வியில் தவறினால் ஒரு பிழை. 'ஒரு பிழை செய்தவர்கள்' பட்டியலில், பொடி எழுத்தில், என் பெயர் இருந்தது. பக்கத்தில் செஞ்சி. அவருடைய சம்சாரம், இவருடைய மகள் என்று எதுவும் இல்லை. நான் விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். விடையைப் பற்றி டீச்சர் கேட்டதற்கு, பத்திரிகைக்காரர்களுக்குச் செஞ்சி மலையைப் பற்றி என்ன தெரியும் என்றேன்.

பிறகு பக்கத்தைத் திருப்பினேன். பின்பக்கம் அந்த வாரக் கூப்பன். முறை கம்பவுண்டருடையது.

சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். என் பெயருக்காக அவர் வெட்டக் கூடாது என்று எந்த வாயால் கேட்பேன்? அவரை அவ்வளவு பேசியிருந்தேன். அந்த ஞாயிறு சிலேட்டில் விடைகள் தடையில்லாமல் வந்தன. எல்லாக் கட்டமும் அவர் சொன்னதுதான். நான் ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று டீச்சர் கேட்டார். கம்பவுண்டர் முகத்தில் ஒரு பிரகாசம். இந்தத் தடவை முழுசும் சரி என்று அவருக்கே தெரிந்துவிட்டது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கூப்பன் அனுப்பக் கடைசி நாளான புதன்கிழமை, கடைசித் தபால் கட்டியானதும் அவர் மனைவி பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். முனைகூட மடங்காமல் முழுசாக இருந்தது. கூப்பனில் எல்லாக் கட்டமும் மையால் நிரப்பி, அவருடைய பெயரும் விலாசமும் எழுதியிருந்தது.

"கத்திரியை எடுத்துக்கினு திருப்பிப் பாத்தாரு. அப்பிடியே வெச்சிட்டாரு. 'இது தங்கச்சிகிட்டயே இருக்கட்டும், குட்துட்டு வா'ன்னாரு," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு முன்னால் அழ வெட்கமாக இருந்ததால், அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் போட்டிக்கு விடை வந்தது. அவர் நிரப்பிய கூப்பனைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை.

அன்று சாயங்காலம் கடைத்தெருவில் சீத்தாப்பழம் வாங்கினேன். காலம் முடிகிற சமயம், நல்லதாகப் பத்துப் பழம் தேறுவதற்குள் மூன்று கூடையைக் கிளற வேண்டியிருந்தது. நேராகக் கம்பவுண்டர் வீட்டுக்குப் போனேன். நான் பார்த்துவிட்டுக் கொடுத்தனுப்பிய பத்திரிகை அவர் முன்னால் விடைப் பக்கத்தில் விரித்திருந்தது. அவரும் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது.

"எல்லாம் சரியா இருந்துச்சில்ல? அது போதும்," என்றார்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு எனக்கு நாலு வாரம் ஆகியிருந்தது.

"சாப்டுங்கண்ணா," என்றேன். "அமெரிக்காப் பழம்தான்."