எட்டுத் துணிகள் திரும்பிப் போன சனிக்கிழமை

எங்கள் அம்மாவுக்கு "முடியாது" என்ற சொல் வாயில் வராது. யார் துணியைக் கொண்டு வந்தாலும், எப்போது வேண்டும் என்றுகூடக் கேட்காமல், "வச்சிட்டுப் போங்க, பார்ப்போம்" என்பாள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலும் அவற்றுக்குக் கீழே இருந்த இரண்டு லயங்களிலும் இருந்த பெண்கள் அந்தப் "பார்ப்போம்" என்பதைக் "கட்டாயம் முடித்துத் தருகிறேன்" என்றே எடுத்துக்கொண்டார்கள். அம்மாவும் அப்படி நினைத்துத்தான் சொன்னாள் என்பது இதில் வேடிக்கை.

காலையில் அவள் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து சமைத்து, துவைத்து, அதற்குப் பிறகு கால் தையல் மெஷினில் உட்காருவாள். அப்பா கண்டி டவுனில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை செய்தார். அவர் மலையேறி வீட்டுக்கு வரும்போதும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். தீபாவளி நெருங்கினால் அது ஓடாத நேரமே கிடையாது. தைக்க வந்த துணிகள் முதலில் அலுமாரிக்குள் இருக்கும். பிறகு கதிரைக்கு வரும். கடைசியில் கட்டிலுக்கு அடியில் போகும். ஒவ்வொன்றும் ஒரு சொப்பிங் பேக்கில். உள்ளே பெயரும் அளவும் எழுதிய துண்டுக் காகிதம்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு தீபாவளி செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா ஒரு சட்டைக்குக் கை வெட்டினாள். குழாயடியில் எங்களோடு எப்போதும் சண்டைக்கு நிற்கும் பக்கத்து வீட்டு அத்தையின் மகளுடைய சட்டை அது. வெட்டி, தைத்து, உடம்போடு வைத்துப் பார்த்தால் இரண்டும் இடது கை. அம்மா அவற்றை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அந்தப் புள்ளைக்கு ரெண்டு எடது கை இருந்தாத்தான் இது சரியா வரும்" என்றாள்.

பிறகு எழுந்து, வீட்டிலிருந்த பைகளை எல்லாம் இழுத்துக் கட்டிலில் கொட்டினாள். பதினேழு துணிகள். துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியை எடுத்துச் சுவரில் சனி, ஞாயிறு, திங்கள் என்று எழுதினாள். ஒரு பிளவுசுக்கு எவ்வளவு நேரம், ஒரு சட்டைக்கு எவ்வளவு நேரம் என்று விரல் விட்டு எண்ணினாள். அழித்துவிட்டு மறுபடியும் எண்ணினாள். எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்பதுக்கு மேல் வரவில்லை.

"எட்டு திரும்பிப் போகணும்" என்றாள்.

அப்போதுதான் உள்ளே வந்த அப்பா முகம்கூடக் கழுவாமல் நின்று கேட்டார். "எதுக்கு அலையுற? போன் போட்டு காய்ச்சல்னு சொல்லிரு."

"காய்ச்சல்னு சொன்னா, நல்லானதும் திரும்பக் கொண்டு வருவாங்க. முடியலன்னு சொல்லணுங்க. நேர்ல போய்ச் சொல்லணும்."

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஊரோடு ஒத்துப்போவதில் அவர் கெட்டிக்காரர். ஆனாலும் துவாயை எடுத்துக்கொண்டு முகம் கழுவ வெளியே போனார்.

எந்த எட்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நமக்குப் பிடிக்காதவர்களுடையது போகும், வேண்டியவர்களுடையது நிற்கும். அம்மா பிரித்த விதம் எனக்குத் தலைகீழாகப் பட்டது. சண்டைக்கார அத்தையின் மகளுடைய சட்டை நின்றது. அந்தப் பிள்ளைக்கு அந்த வருடம் வேறு உடுப்பில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். என் வகுப்பு டீச்சருடைய பிளவுஸ் திரும்பிப் போகும் பக்கத்தில் விழுந்தது. அதற்கு மேலே, மஞ்சளில் சிவப்புப் பூப்போட்ட ஒரு துணி விழுந்தது.

அது என்னுடையது.

மறுநாள் காலையில் அம்மா குளித்து, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். புறப்படுவதற்கு முன் அந்த மஞ்சள் துணியை இரண்டு கையாலும் பிடித்து என் முன்னால் நீட்டினாள்.

"இந்தா கண்ணு. அம்மாவால தைக்க முடியல. நேரம் பத்தல. பொங்கலுக்குத் தச்சுத் தர்றேன். கோவிச்சுக்காத."

வெளியாட்களிடம் பேசுவது போலவே என்னிடமும் பேசினாள். முதலில் என்னிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டாளோ என்று பிறகு யோசித்திருக்கிறேன். நான் துணியை வாங்கிக் கட்டிலில் எறிந்துவிட்டு அழுதேன். அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தாள். "சரி, தைக்கிறேன்" என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நானும் அவளோடு கிளம்பினேன். டீச்சர் வீட்டில் என்ன நடக்கும் என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

முதல் இரண்டு வீடுகளில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு அக்கா பையை வாங்கிக்கொண்டு, "அப்பாடா, நான் டவுன்ல ஒரு ரெடிமேட் பார்த்து வச்சிருக்கேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்" என்றாள். அம்மா அசந்து போனாள்.

மூன்றாவது, கீழ் லயத்து லொறி டிரைவரின் மனைவி வீடு. அங்கே மூன்று துணிகள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார், எங்களை உள்ளே கூப்பிடவில்லை.

"மூணு கெழமைக்கு முந்தியே தந்தேனே. இப்ப வந்து முடியாதுங்கிறீங்க. அன்னிக்கே சொன்னா என்ன?"

"சொல்லியிருக்கணும் அக்கா."

"நேரம் இல்லாதவங்க ஏன் வாங்கி வைக்கிறீங்க?"

"நீங்க சொல்றது சரிதான். தப்பு எம்மேலதான். இன்னிக்கே டவுனுக்குக் குடுத்தீங்கன்னா திங்கக்கெழமை தச்சுத் தந்துருவாங்க. கடைக்காரர்கிட்ட வேணும்னா நானே பேசுறேன்."

"ஒண்ணும் வேணாம்" என்று கதவைச் சாத்தினார். பக்கத்துக் காம்பரா வீடுகளிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. அம்மா ஏதாவது திருப்பிச் சொல்ல வேண்டும், அழவாவது வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "வா, போவோம்" என்றாள். தேயிலைக்கு நடுவே நடந்தோம். அவள் கை என் கைக்குள் ஈரமாக இருந்தது.

அதற்கடுத்த வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. அங்கிருந்த பிள்ளையிடம் விஷயத்தை இரண்டு முறை சொல்லி, அதை அவன் வாயாலும் ஒருமுறை சொல்ல வைத்து, பையைக் கொடுத்தோம்.

டீச்சர் வீடு பாடசாலைக்குப் பின்னால். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். டீச்சர் கதிரையில் அடுக்கியிருந்த கொப்பிகளைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு அம்மாவை உட்காரச் சொன்னார். அம்மா உட்காராமலே சொல்ல வந்ததைச் சொன்னாள். டீச்சர் பையைப் பிரித்துத் துணியைப் பார்த்தார்.

"நான் சாதா பிளவுஸ்தானே கேட்டேன்?" என்றார். "கையில பைப்பிங் வைக்கிறேன், முதுகுல முடிச்சு வைக்கிறேன்னு எல்லாம் நீங்கதான் சொன்னீங்க."

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். டீச்சர் பிளேன்டீ கொண்டு வந்தார். தரையில் கிடந்த கொப்பிகளைக் காட்டி, எல்லாம் திருத்த வேண்டியவை என்றும், திங்கட்கிழமை கொடுப்பதாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். "சொல்லிட்டேன்" என்று இன்னொரு தரமும் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் பேசினார்கள். அதற்குள் ஒரு கை தைத்திருக்கலாம்.

மற்றதெல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. வைத்துக்கொண்ட ஒன்பதும் திங்கட்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே உரியவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. சண்டைக்கார அத்தையின் மகள் இடதும் வலதுமாகச் சரியான கைகளோடு வந்து என் முன்னால் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். நான் போன வருடத்துச் சட்டையின் மடிப்பைப் பிரித்து நீட்டிப் போட்டுக்கொண்டேன். அதை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். டிரைவரின் மனைவி பொங்கல்வரை எங்களோடு பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் துணியோடு வந்தார். நீட்டுவதற்கு முன், "நேரம் இருக்கா?" என்று கேட்டார். அம்மா யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

இப்போது நான் கண்டியில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஒரு நாளில் பதினேழு வேலைகளை எழுதி வைத்துக்கொண்டு ஓடுகிற ஆள்தான் நானும். அப்படி ஓடும்போது எனக்கு நினைவுக்கு வருவது கதவு சாத்தப்பட்டதோ தீபாவளியோ இல்லை. அந்தச் சனிக்கிழமையின் மத்தியானம்தான்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு மணி இருக்கும். சாப்பிட்டோம். இனி மெஷின் ஓடும் என்று நான் நூலும் கத்தரிக்கோலும் எடுத்து வைத்தேன். அம்மா அவற்றைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பைகள் இல்லாமல் என் மஞ்சள் துணி மட்டும் கிடந்த கட்டிலில் ஏறிப் படுத்தாள். படுத்த உடனே தூங்கிவிட்டாள்.

பகலில் அம்மா தூங்கி நான் பார்த்ததில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கியது. மழை வந்தது. கொடியில் காய்ந்த உடுப்புகளை நான் ஓடி ஓடி எடுத்தேன். சத்தம் வரட்டும் என்று வாளியை உதைத்தும் பார்த்தேன். அவள் அசையவில்லை. நாலு மணிக்கு எழுந்து, "நல்லாத் தூங்கிட்டேன்" என்று யாரோ பரிசு கொடுத்தது போலச் சொன்னாள். மெஷினில் உட்காருவாள் என்று பார்த்தால், சீப்பையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். வாசலில் உட்கார்ந்து, சிக்கெடுத்து, மெதுவாகப் பின்னினாள். சரியில்லை என்று அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். மழை விட்டு மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பாலர் பாடசாலைப் பாட்டு ஒன்றை வாய்க்குள் முணுமுணுத்தாள்.

"தைக்கலையா அம்மா?"

"தைக்கணும். நாளைக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா வீடு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய் முறைப்பாடு சொன்னேன். "அப்பா, அம்மா இன்னிக்கு ஒரு வேலையும் செய்யல. படுத்துத் தூங்கினாங்க. பெறகு எனக்குத் தலை பின்னினாங்க. அவ்வளவுதான்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், பிடிபட்டவள் போல. பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. அப்பா பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று சிரித்தார். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடுவில் நின்று நான் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இவ்வளவு பெரிய குற்றத்தைச் சொல்லியும் அவர்கள் எதற்காக அப்படிச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.