ருமானாவின் ஐந்து நிமிட ஸ்வாஹிலி

நமக்கு ஒன்று தெரியும் என்பதை, அது தெரியாதவர்களிடம் எப்படி நிரூபிப்பது? விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்யும் நாகூர் கனியின் மகள் ருமானாவிடம் பதினேழு வயதிலேயே இந்தக் கேள்வி வந்து நின்றது. அவளுக்கு ஸ்வாஹிலி தெரியும். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

கனியின் கடைக்குத் தான்சானியாவிலிருந்து துவரை வரும். அங்கே கிடங்கில் வேலை பார்க்கும் நேமா என்ற பெண், லோடு ஏறும்போது வீடியோ எடுத்து அனுப்புவாள். பின்னணியில் சுமை தூக்குபவர்கள் பேசிச் சிரிப்பது கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் ருமானா அந்த மொழியைத் தொட்டாள். யூடியூப், இணைய வானொலி, கடைசியில் நேமாவோடே அரட்டை. கெட்டிக்காரி என்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பிறர் சிரிப்பதன் காரணம் தெரியாமல் இருக்க முடியாதவள், அவ்வளவுதான்.

சென்னைக் கல்லூரி ஒன்றில் மொழியியல் படிக்க விண்ணப்பித்தாள். பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதாது. தானாகக் கற்ற மொழிக்குச் சான்று காட்டினால் நேர்காணலுக்கு அழைப்பார்கள். இல்லாவிட்டால் உள்ளூரில் பி.காம். என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

சான்று என்றால் பச்சை மையில் கையெழுத்து என்பது கனியின் எண்ணம். மல்லாங்கிணற்றில் அரசு கால்நடை மருத்துவராக இருக்கும் பாண்டிச்செல்வத்திடம் மகளைக் கூட்டிப்போனார்.

"பாய், மாட்டுக்கு என்ன சீக்குன்னா எழுதித் தருவேன். இது என்ன பாஷைன்னே எனக்குத் தெரியாதே. ஏம்மா, கொஞ்சம் பேசு பாப்போம்."

ருமானா பேசினாள்.

"இப்ப நீ என்னைய வஞ்சிருந்தாக்கூட எனக்குத் தெரியாது."

"வையல சார். உங்க பேனா நல்லாருக்குன்னேன்."

டாக்டர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, கையெழுத்துக்குப் பதிலாக டீ வாங்கித் தந்தார்.

திரும்பும் வழியெல்லாம் கனி புலம்பினார். "சரக்கைக் குத்திப் பாக்காம சர்டிபிகேட்டக் கேக்குறாகளே!" எவ்வளவு பெரிய கம்பெனியின் மூட்டையாக இருந்தாலும், நடுவில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழுவதைப் பார்த்த பிறகே விலை பேசுகிறவர் அவர். மூட்டை வாயில் பார்வைக்கென்று மேலாகப் பரப்பிய பருப்பைத் திரும்பியும் பார்க்கமாட்டார்.

சான்றிதழ் இல்லாதவர்கள் ஐந்து நிமிட ஒலிப்பதிவு அனுப்பலாம் என்று கல்லூரி சொல்லியிருந்தது. ருமானாவிடம் இரண்டு பதிவுகள் சேர்ந்தன. ஒன்று, விருதுநகர்ச் சந்தையைப் பற்றி எழுதி மனப்பாடம் செய்து, பிசிறில்லாமல் பேசியது. மற்றது, ஈரவாடை அடித்த ஒரு லோடு பற்றி நேமாவோடு போட்ட சண்டை. அதில் ருமானா சொல் கிடைக்காமல் திணறுகிறாள். மெதுவாகச் சொல் என்று கெஞ்சுகிறாள். நேமா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கடைசியில் புது சாம்பிள் அனுப்ப ஒப்புக்கொள்கிறாள்.

அம்மா குல்சார் பேகம் இரண்டையும் கேட்டாள். "இந்தச் சிரிப்பாணியையா அனுப்பப் போறே? பேசாம பி.காமுக்குப் பணத்தக் கட்டிரலாம்."

"பாத்துக்கிறேம்மா" என்றாள் ருமானா. ஒன்றை அனுப்பினாள். எதை என்று யாரும் கேட்கவில்லை. சந்தையைத்தான் அனுப்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பேராசிரியர்களோடு, அங்கே படிக்கும் தான்சானிய மாணவி ஒருத்தியும் உட்கார்ந்திருந்தாள். ருமானா நாற்காலியை இழுப்பதற்குள் அவள் ஸ்வாஹிலியில் கேட்டாள்: "அந்தத் துவரை காய்ந்ததா, இல்லையா?"

வெளியே காத்திருந்த கனிக்கு உள்ளே எல்லோரும் சிரிப்பது மட்டும் கேட்டது. இடம் கிடைத்துவிட்டது.

ஊர் திரும்பும் ரயிலில் மகள் நடந்ததைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப, சண்டை போட்டதையா அனுப்புனே?"

"ஆமா, அத்தா."

"நல்லாப் பேசுனத விட்டுட்டு அத ஏன் அனுப்புனே?"

ருமானா சேவுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நீட்டினாள். இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஒவ்வொரு விடுமுறையிலும் வீட்டில் கேட்கிறார்கள்; இதுவரை சொல்லவில்லை.