டாக்ஸிக்காரர் மனைவி மாட்டிய கிளிப்

டாக்ஸிக்காரரின் மனைவி தையல்காரி. கடை, போர்டு எதுவும் கிடையாது. வீட்டின் முன்னறையில் ஒரு மிஷின், ஒரு கத்தரிக்கோல், அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் துணியைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். அவள் போட்ட தையல் விட்டுப்போனதென்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை. அதை ஊரே சொல்லும், கட்டிய புருஷனைத் தவிர. அந்த மனுஷன் வாயைத் திறந்தால் குறைதான் வரும். சாப்பாடு நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவார். அதுதான் பாராட்டு என்று அவளே வைத்துக்கொண்டாள்.

பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கை ஓரளவு தேறியது. கால் தேறவில்லை. "பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் இது. இனி வண்டி ஓட்டறதை மறந்துடுங்க" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். டாக்ஸிக்காரர் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் கேட்கப்போவதில்லை என்று அர்த்தம். பாவம், டாக்டருக்கு அது எப்படித் தெரியும்?

வாசலில் நின்ற கிழட்டுக் காரை நொண்டிக்கொண்டே போய் தினமும் ஸ்டார்ட் செய்து பார்ப்பார். ஒரு நாள் என்ஜின் சூடானதும் அதைக் குளிரவைக்கும் பச்சை நிறத் தண்ணீர் அடியில் கொட்டியது. ரேடியேட்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கவ்வியிருந்த கிளிப்புகள் துருப்பிடித்துப் பிடி விட்டிருந்தன. அவளுக்கு உள்ளூர அப்படி ஒரு நிம்மதி. முந்திக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடினாள். "அவர் கூப்பிட்டா வந்துடாதீங்க அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். மெக்கானிக்கும் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று சாக்குச் சொல்லியே நாளைக் கடத்தினார்.

ஆனால் டாக்ஸிக்காரரா விடுகிறவர்? யாரையோ பிடித்து, புதுக் குழாயும் கிளிப்பும் வாங்கிவரச் செய்து, கார் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அவன் வரமாட்டான். நீ செய்."

"எனக்கு என்னங்க தெரியும்?"

"ஊசியில நூல் கோக்கத் தெரியுதில்ல? குனி."

பழைய கிளிப்பின் இரண்டு காதையும் பிளையரால் அழுத்திப் பிடித்தால்தான் அது விரியும். இரண்டு முறை வழுக்கி அவள் விரலைக் கிழித்தது. "துணி இல்லைடி அது, அழுத்து!" என்று அவர் கத்தினார். பற்களைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். கிளிப் விரிந்து பின்னால் நகர்ந்தது. ஒட்டிப்போயிருந்த குழாயைத் திருகித் திருகிப் பிடுங்கினாள். மிச்சமிருந்த தண்ணீர் அடியில் வைத்திருந்த பேசினில் விழுந்தது.

புதுக் கிளிப்பைக் குழாயில் முதலில் கோத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு ரேடியேட்டரிலும் என்ஜினிலும் நீட்டிக்கொண்டிருக்கும் உலோக முனைகளில் குழாயைச் செருகவேண்டும். "முனையில ஒரு மேடு இருக்கு பார். கிளிப் அதைத் தாண்டி உக்காரணும். முன்னாலயே நின்னுட்டா, சூடு ஏறினதும் குழாய் கழண்டுக்கும். வண்டி தெருமுனை தாண்டாது."

தெருமுனை தாண்டாத வண்டிதானே அவளுக்கு வேண்டும்!

ரேடியேட்டர் பக்கத்து கிளிப்பை ஒழுங்காக மாட்டி ஸ்க்ரூவை முறுக்கினாள். மறுமுனை என்ஜினுக்குக் கீழே, அவர் கண்ணுக்கு எட்டாத இடம். அங்கே கிளிப்பை மேட்டுக்கு முன்னாலேயே நிறுத்தி, பேருக்கு ஒரு முறுக்கு முறுக்கினாள். மனசாட்சி உறுத்தவில்லை. புருஷன் உயிரோடு இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

டாக்ஸிக்காரர் எட்டி, மேல் கிளிப்பை இடது கையால் தடவினார். குழாயை அசைத்தார்.

"அடேயப்பா! மெக்கானிக் கூட இவ்வளவு நேரா மாட்டமாட்டான். கையா இது? இத்தனை நாளா இந்தக் கையை வெச்சுக்கிட்டா துணி தைச்சுக்கிட்டிருந்தே?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவள் அவள். அது கிடைக்கிற நேரத்தில், கீழே அரைகுறை வேலை ஒன்றை ஒளித்துவைத்திருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கீழ இன்னும் கொஞ்சம் முறுக்கணுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் குனிந்தாள். குழாயை அழுத்திச் செருகினாள். கிளிப்பை மேட்டைத் தாண்டி உட்காரவைத்து, இனி திரும்பாது என்கிற வரை முறுக்கினாள். சாவியை ஒளித்துவைத்தால் போச்சு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

அந்த வாரமே ஒரு நாள், தைத்த துணியைக் கொடுத்துவிட்டு அவள் திரும்பியபோது வாசல் காலியாக இருந்தது. தெருமுனையெல்லாம் தாண்டி, பெரிய சாலை வளைவு வரை கார் போயிருந்தது. அங்கே வலது ஓரமாக ஒரு லாரி நின்றிருந்தது. ஆக்ஸிலேட்டரில் இருந்த கால் பிரேக்குக்கு வரவில்லை. டிரைவர் பக்கம் மொத்தமும் லாரிக்கடியில் நசுங்கிவிட்டது. அவர் ஆஸ்பத்திரிவரை தாங்கவில்லை.

காரை மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் இழுத்துவந்தார்கள். அதிலிருந்த அவருடைய செருப்பையும் துண்டையும் எடுத்துப்போக ஒரு நாள் போனாள். மெக்கானிக் பானட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடி பக்கவாட்டுலதாம்மா. உள்ள ஒண்ணும் ஆகலை. ஒரு சொட்டு ஒழுகலை பாருங்க" என்றவர், குழாயைத் தொட்டுப் பார்த்துத் திரும்பினார். "நான்தான் வரவே இல்லையே. இந்தக் கிளிப்பை யார் மாட்டினது?"

அவள் துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நான்தான் அண்ணே" என்றாள். "நல்லா இருக்குன்னு அவரே சொன்னார்."