நாற்பதுக்கு மேல் போகாத கார்

வீட்டுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தால் போதும், தெருவே எங்களைப் பார்த்துச் சிரிக்கும். நான் காரில் போவேன், என் மனைவி பஸ்ஸில் வருவாள். ஒரே வாசலிலிருந்து ஒரே மண்டபத்துக்கு. சண்டையா என்று யாராவது கேட்டால், "எனக்கு காரு ஒத்துக்காதுங்க" என்று சொல்லி முடித்துவிடுவாள்.

அவளுக்கு ஒத்துக்கொள்ளாதது கார் அல்ல, நான் ஓட்டிய லட்சணம். தொப்பூர் கணவாயில் ஒரு லாரியை முந்தப் போனேன். முந்த வேண்டாம் என்றாள். முந்தினேன். கார் தடுப்புச் சுவரில் போய் மோதியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்கு இடது கை உடைந்து, உள்ளே தகடு வைத்தார்கள். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடுமே என்று பயந்த ஆள் நான். மூன்று வருஷம் அப்படியே போயிற்று.

விபத்துக்குப் பிறகு என்னிடம் மிஞ்சியது ஆசைக்கு வைத்திருந்த இன்னொரு கார். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக் கொட்டகையில் தார்ப்பாயின் கீழே கிடந்ததை வாங்கி வந்திருந்தேன். சீமையில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, மடக்கி வைக்கும் துணிக்கூரை, உட்கார்ந்தால் ரோடு கைக்கு எட்டும். இண்டூரில் உரக்கடை வைத்திருப்பவனுக்கு இது எதற்கு என்று என்னைக் கேட்காத ஆளே கிடையாது. வேகமாகப் போகத்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

போன வருஷம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணம். அவள் வழக்கம்போல் தருமபுரி போய் பஸ் ஏறினாள். அன்றைக்கு எனக்கு ஏனோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டின பெண்டாட்டி ஊர் பேர் தெரியாத டிரைவரை நம்புகிறாள், என்னை நம்பவில்லை. அவள் போன பஸ்ஸைத் துரத்திக்கொண்டு போய், முந்தி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் கையும் ஆட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் அழுத்தி மிதித்தேன். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. பார்த்தேன், பார்த்தும் மிதித்தேன். காவேரிப்பட்டணத்துக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் ஒரு முக்கல் முக்கி ஜாம் ஆகிவிட்டது.

பின்னால் வந்த பஸ் என்னைத் தாண்டிப் போய்ச் சற்றுத் தூரத்தில் நின்றது. பட்டுப்புடவையும் மொய்க்கவருமாக அவள் இறங்கி வெயிலில் நடந்து வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"காருக்கு ஊத்தறதா, உங்களுக்கா?" என்றாள்.

வண்டியைத் தருமபுரிக்கு இழுத்துப் போக ஆள் வரும் வரை இரண்டு பேரும் ஒரு புளியமரத்தடியில் நின்றிருந்தோம். கல்யாணத்துக்குப் போகவில்லை.

மெக்கானிக் பாய் எனக்கு முப்பது வருஷப் பழக்கம். எஞ்சினைப் பிரித்துப் போட்டு விட்டுக் கூப்பிட்டார். அவளுக்குத் தருமபுரியில் வேறு வேலை இருந்ததால் கூடவே வந்தாள். அதாவது, அன்றைக்கு நானும் பஸ்ஸில் போனேன்.

"ரெண்டு வழி இருக்குது சார்" என்றார் பாய். "ஒரு வேன் எஞ்சின் நல்ல கண்டிஷன்ல இருக்குது. அதத் தூக்கி இதுல வெச்சிடலாம். பத்து நாள் வேல. பழசவிட நல்லாவே இழுக்கும். இல்லன்னா இதையே சிலிண்டரக் கடைஞ்சி போர் அடிச்சி, புது பிஸ்டன் போட்டு, கிராங்க் அரைச்சி ஏத்தணும். சாமான் பெங்களூர்ல தேடணும். நாலு மாசம் ஆவும்."

நான் யோசிக்கவே இல்லை. வேன் எஞ்சின் என்றேன். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பர் மாற்ற அலைய வேண்டும் என்றார் அவர். அலைகிறேன் என்றேன்.

"அதுவும் பழசப் பண்ணா ஒடனே பறக்க முடியாது சார். மொத ஆயிரம் கிலோமீட்டரு ரன்னிங் இன். நாப்பதுக்கு மேல மிதிக்கவே கூடாது. ரிங்கு செட் ஆவணுமில்ல."

"நாப்பதா! டிராக்டர் முந்திக்கிட்டுப் போவும் பாய்" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. பிரித்துக் கிடந்த எஞ்சினைப் பார்த்துக்கொண்டே, "மீறி மிதிச்சா என்ன ஆவுங்க?" என்று கேட்டாள்.

"மறுபடியும் கழட்டணும்மா. போட்ட வேல எல்லாம் வீணாப் போயிடும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "பழசையே பண்ணச் சொல்லுங்க."

உனக்கு என்ன தெரியும் எஞ்சினைப் பற்றி என்று எரிந்து விழுந்தேன். அவள் நிதானமாகத் திரும்பினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நாப்பதுலயே போறதுன்னா நானும் குந்திக்கிறன்."

மூன்று வருஷமாக என் பக்கத்து சீட்டில் ஆள் இல்லை என்பதை அந்த வினாடிதான் முழுதாக உணர்ந்தேன். கண் கலங்கியது. டிக்கெட்டைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

நாலு மாசம் என்றது ஆறு மாசம் ஆயிற்று. வாரா வாரம் பாய்க்குப் போன் போட்டது அவள்தான். எந்தச் சாமான் வந்தது, எது வரவில்லை என்று என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. வண்டி வந்த அன்றைக்கு, 'புது வேலை, மெதுவாகப் போகும்' என்று அட்டையில் எழுதிப் பின்னால் ஒட்டினாள்.

பைபாஸ் பக்கமே தலைவைக்கவில்லை. பாப்பாரப்பட்டி, பாலக்கோடு, பெரும்பாலை என்று ஊர் ரோடுகளாகப் பார்த்து ஓட்டினோம். முதல் நாள் அவள் கதவைப் பிடித்த பிடியை விடவேயில்லை. கண் ரோட்டில் இல்லை, வேகம் காட்டும் முள்ளில் இருந்தது. "நாப்பத்திரெண்டு" என்பாள். காலைத் தளர்த்துவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் எங்களோடு போட்டி போட்டார்கள். ஒரு பால்காரர் எங்களை முந்திப் போய் நின்று, வண்டியில் கோளாறா என்று அக்கறையாகக் கேட்டார். மற்ற நேரமாக இருந்தால் மானம் போயிருக்கும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முன்னூறு கிலோமீட்டர் தாண்டியபோது முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். தக்காளிக் காட்டைக் காட்டினாள், வத்தல்மலை மேல் இறங்கும் மழையைக் காட்டினாள். அறுநூறு தாண்டி ஒரு மத்தியானம் பேச்சைக் காணோமே என்று திரும்பினால், வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வீடு வந்தும் நிறுத்தாமல் ஊரை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

ஆயிரம் முடிந்தது. பாய் ஆயில் மாற்றி, காது கொடுத்து எஞ்சினைக் கேட்டு, "இனி ஒண்ணும் பயமில்ல சார், நல்லா மிதிங்க" என்றார். நாற்பது என்ற கெடு முடிந்துவிட்டதே, கூட வந்திருந்தவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பார்த்தேன். கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

இண்டூர் ரோட்டில் நாற்பதிலேயே வந்தேன். பின்னால் ஒரு டவுன் பஸ் விடாமல் ஆரன் அடித்தது.

"பாய்தான் சொல்லிட்டாரே, கொஞ்சம் மிதிங்க" என்றாள்.

மிதிக்கக் கால் வரவில்லை. ஓரம் கட்டி பஸ்ஸுக்கு வழி விட்டேன். எஞ்சினை அணைக்காமலே, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "தொப்பூர்ல நீ வேணாம்னு சொன்ன. நாந்தான் கேக்கல. என் தப்புதான்."

அவள் முந்தானையால் என் முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டாள்.

"தெரியுங்க. அம்பதுல போங்க, வூட்டுக்குப் போயி சோறு ஆக்கணும்."