நான்காவது தாங்கியைப் பிடித்திருந்த கை

"உன்னை யாரு புடிச்சிருக்கா?" என்று திரையில் தெரியும் இரும்புத் துண்டைக் கேட்கிறார் கூ இன்-சுக். பதில் வந்துவிட்ட மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த துண்டுக்குப் போகிறார். நீ எதைத் தொடுற, எது மேல உக்காந்திருக்க? ஒன்றையும் விடமாட்டார். அதற்கப்புறம்தான் கணக்கை ஓடவிடுவார்.

கோஜே தீவுக் கப்பல் பட்டறையில் பதினேழு வருஷமாக இதுதான் பிழைப்பு. கப்பலின் பெரிய துண்டங்களை நிஜத்தில் இறக்கி வைக்குமுன் கணினியில் வைத்துப் பார்ப்பது. வறுத்த பார்லித் தண்ணீரைப் பச்சைத்தண்ணீராக ஆறவிட்டுத்தான் குடிப்பார். அவர் இரும்போடு பேச ஆரம்பித்தால் பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பதில்லை. எதுவும் பிடித்துக்கொண்டிராத துண்டு திரையில் என்ன செய்யும் என்று பார்த்தவர்கள் அவர்கள். தள்ளவே வேண்டாம், அதுபாட்டுக்கு நழுவும். அடுத்த இரும்புக்குள் நுழைந்து, கீறல்கூட இல்லாமல் மறுபக்கம் வரும்.

அன்று காலை மேஸ்திரி பியோ வந்து நின்றார்.

"அக்கா, உங்க பக்கத்து மேசை பாங் ஏற்கெனவே கணக்கை ஓட்டிட்டான். திரையில எல்லாம் பச்சை, பயமில்ல. நீங்க சரின்னா பத்து மணிக்கு, தாங்கிங்க மேல இறக்கின துண்டத்துலேர்ந்து கிரேனை அவுத்துடுவேன். ஆறு பேரு அடியில போய் வெல்டிங் பண்ணணும்."

"பச்சையா? நல்லது. டேய் பாங், நாலாவது தாங்கிகிட்ட ஒரு புள்ளிய அசையாம அறைஞ்சு வெச்சிருக்கியே, அது என்னடா?"

"அது இல்லேன்னா கணக்கு பாதியில நின்னுடுதுக்கா. சும்மா ஒரு ஆணி."

"சும்மா நிக்குதா, சுமக்குதான்னு கேட்டியா?"

அவரே கேட்டார். நாற்பத்திரண்டு டன் சுமக்கிறது என்று திரையில் வந்தது. பட்டறையில் அந்த இடத்தில் ஆணியும் கிடையாது, ஆளும் கிடையாது. பச்சை மொத்தமும் அந்த இல்லாத கையின் தயவு. ஆணியைப் பிடுங்கினார். துண்டத்தின் மூலை மெல்லத் தாழ்ந்தது. தாங்கியைத் தொட்டது, நிற்கவில்லை. அதற்குள் புகுந்து கீழே போய்க்கொண்டே இருந்தது. பாங் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உள்ள புகுந்து போறது கணக்கோட கோளாறு, அதைச் சரி பண்ணிடலாம்" என்றார் இன்-சுக். "ஆனா மூலை தாழுதே, அது கோளாறு இல்ல, நிஜம். அளந்துட்டு வந்த அளவுல அங்க இடைவெளி இருக்கு."

"பேய்க்கதை சொல்லாதீங்க அக்கா! கீழ வந்து பாருங்க. கல்லு மாதிரி உக்காந்திருக்கு."

போனார்கள். துண்டம் அசையாமல்தான் இருந்தது. மேலே கிரேன் கயிறுகள் நரம்பு மாதிரி விறைத்திருந்தன. தலைக்கவசம் மாட்டிய ஆறு பேரும் அடியில் நுழையக் குனிந்திருந்தார்கள்.

இன்-சுக் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றினார். நான்காவது தாங்கிக்கும் துண்டத்துக்கும் நடுவில் வைத்து ஒரு விரலால் தள்ளினார். அட்டை, அதிலிருந்த அவருடைய முகத்தோடு, எங்கும் உரசாமல் முழுசாக உள்ளே போனது. வெளியே நீண்டிருந்த அட்டைக் கயிற்றின் நுனியை எடுத்துப் பியோவின் கையில் கொடுத்தார்.