ஒயரைப் பிடுங்கிப் பார்த்த நாள்

தன் குரலைக் கொடுக்கத் தோழியின் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார்: அது எங்கள் கையை விட்டுப் போகக்கூடாது. பழவேற்காட்டில் அவரைப்போல மீன் விற்கும் பெண்களின் பேச்சை எங்கள் முதுகலை ஆய்வுக்காக நானும் தோழியும் பதிவு செய்துகொண்டிருந்தோம். முன்பு யாரோ ஒருவர், அவர்கள் ஏலம் கூவுவதைக் கைப்பேசியில் படம்பிடித்துக் கோமாளி இசை சேர்த்து ஊரெல்லாம் அனுப்பியிருந்தார். அந்தச் சிரிப்பை அவர்கள் மறக்கவில்லை.

"கண்டவன் கம்ப்யூட்டர்ல போடாத. உன் ஊட்டுலயே வை. வெளிய போனாலும் பேச மாட்டோம், தொலைஞ்சாலும் பேச மாட்டோம்," என்று என்னிடம் சொன்னார்.

அவர் வாய் திறக்காவிட்டால் குப்பத்தில் வேறு எவரும் திறக்கமாட்டார்கள். எங்கள் ஆய்வு அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே பதிவுகள் கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தன. தொழிற்பேட்டையில் கணினிப் பராமரிப்புப் பார்க்கும் அண்ணன், அங்கே கழித்துப்போட்ட மூன்று சிறிய கணினிகளைக் கேட்டு வாங்கிவந்து, சமையலறையை ஒட்டிய அலமாரியில் அடுக்கினான். மூன்றையும் ஒரே கணினியைப்போல நடத்தும் கிளஸ்டர் மென்பொருளை நிறுவியவனும் அவனே. அதன்மேல், பதிவுகளைத் தேடிக் கேட்பதற்கான வலைச்செயலியை ஏற்றும் வேலையை நான் விரும்பி எடுத்துக்கொண்டேன்.

நான் எழுதவேண்டியிருந்த கோப்பு எனக்கு விசித்திரமாக இருந்தது. 'முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று அதில் ஒரு வரியும் கிடையாது. 'இந்தச் செயலி எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்' என்ற நிலையை மட்டும் எழுதினால் போதும். எந்தக் கணினியில் ஓட்டுவது, அது விழுந்தால் எங்கே மாற்றுவது என்பதையெல்லாம் கிளஸ்டரே பார்த்துக்கொள்ளும். வேண்டுதலைப்போல எழுதப்பட்ட ஒன்று உண்மையிலேயே பலிப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகளைத் திட்டிக்கொண்டே தாயும் மகளும் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். அவர் தன் குரலைக் கேட்க வந்திருந்தார். பக்கத்தைத் திறந்தேன். திறந்தது, உள்ளே ஒரு பதிவுகூட இல்லை.

"இன்னாடி இது? நான் பேசுனது எங்க?" என்று மகளிடம் கேட்டார். தோழி என்னைப் பார்த்தாள்.

சமையலறையிலிருந்து என் அம்மா எட்டிப் பார்த்தாள். "காலைல கிரைண்டர் போட ஒரு பிளக்கைப் புடுங்கனேன். ஆனா திரும்ப மாட்டிட்டேனே!"

"இட்லிக்காக சர்வரைச் சாகடிச்சிட்டு, மாட்டிட்டேன்னு வேற சொல்ற," என்றான் அண்ணன்.

செயலி இப்போது எங்கே ஓடுகிறது என்று பார்த்தேன். காலைவரை முதல் கணினியில் இருந்தது. இப்போது மூன்றாவதில் இருந்தது. என் வேண்டுதல் சொல்லுக்குச் சொல் நிறைவேறியிருந்தது. ஆனால் பதிவுகளை எங்கே வைப்பது என்ற இடத்தில், 'நீ ஓடும் கணினியிலுள்ள பெட்டியில்' என்ற பொருள்பட எழுதியிருந்தேன். மூன்றாவது கணினியின் பெட்டி புதியது, காலியானது. குரல்கள் முதல் கணினியிலேயே பத்திரமாக இருந்தன.

"தொலையல அத்தை. ஆள் மட்டும் வேற வீட்டுக்குப் போயிடுச்சு, சாமான் பழைய வீட்டுலயே இருக்கு," என்றேன்.

"சாமானை வுட்டுட்டுக் குடி மாறிப் போறவளை இப்பதான் பாக்கறேன்," என்றார். தோழி சிரிக்கவில்லை.

அவர் கொண்டுவந்த நண்டை அம்மா குழம்பு வைத்து முடிப்பதற்குள், பதிவுகளின் நகல் மூன்று கணினிகளிலும் இருக்கும்படி அண்ணனும் நானும் மாற்றியமைத்தோம். அவர் குரல் ஒலித்தது. வாடைக்காற்றைப் பற்றித் தொடங்கி, ஒரு வியாபாரியை ஏசுவதில் முடிகிற பதிவு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இப்ப இது எதுல கீது?" என்றார்.

மாற்றியமைத்தபோது செயலி நடுக் கணினிக்கு மாறியிருந்தது. அதைக் காட்டினேன். குனிந்து, அதன் ஒயரைத் தன் கையாலேயே பிடுங்கினார்.

பக்கம் உறைந்தது. "அவ்ளோதானா?"

"கொஞ்சம் இருங்க அத்தை. ஒரு கணினி பதில் சொல்லலைன்னா அது செத்துடுச்சுன்னு உடனே முடிவு பண்ணாது. சில நிமிஷம் காத்திருந்து பார்க்கும்."

"பின்ன? கடலுக்குப் போன போட்டு வர லேட்டானா உடனே அழுதுடுவமா? கரையில நின்னு பாக்கத்தான் பாப்போம்."

பிடுங்கிய ஒயரை அவர் கீழே வைக்கவில்லை. தோழி நகத்தைக் கடித்தாள். பயம் எனக்கும் இருந்தது. ஆனால் கிளஸ்டர் எந்தக் கணத்தில் நம்பிக்கையை விடும் என்று அறியும் ஆவல் அதைவிட அதிகமாக இருந்தது. திரையில், நடுக் கணினியின் நிலையைக் காட்டும் சொல் மாறியது. செயலி முதல் கணினியில் எழுந்தது. நான் பதிவைத் தொட்டேன். வாடைக்காற்று மறுபடி தொடங்கியது.

வியாபாரியை ஏசி முடிக்கும்வரை அசையாமல் கேட்டார். பிறகு ஒயரை என் கையில் கொடுத்தார்.

"அடுத்த வாரம் என் நாத்தனாளை இட்டுக்கினு வரேன். அவ நெறைய பேசுவா," என்றவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். "அவளுக்கும் ஒரு ஒயரு புடுங்கக் குடு. இல்லன்னா நம்ப மாட்டா."